பதினேழும் பத்தும்

மே 24, சனி

பாப்பாவின் எடை ஏழு கிலோ இருநூறு. போன மாதமும் அதேதான். "பல்லு முளைக்கற நேரத்துல நின்னு நின்னுதாங்க ஏறும்" என்கிறார் நர்ஸ். எனக்கு மனசு ஆறவில்லை. வரும் வழியில் வீட்டுக்காரர் தரணி வேலை பார்க்கும் தறிக்கூடத்துக்குள் நுழைந்து, நூல் எடை போடும் மிஷினில் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். ஏழு முந்நூற்றைம்பது! சந்தோஷமாகத் திரும்பினால், தறிச் சத்தத்துக்கு மேலே தரணி கத்துகிறார்: "அது மொதலாளி நூல் குடுக்கற மிஷினு, கூடத்தான் காட்டும்!" கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் பெனாசிர் கூப்பிட்டாள். எம்.ஏ. பொருளாதாரத்தில் என் பக்கத்து நாற்காலி. இப்போது கோவையில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"டீ பிருந்தா, உசுரோட இருக்கியா? இல்ல, பாப்பா உன்னை முழுங்கிருச்சா?"

ஒரு கணக்கெடுப்பாம். எங்கள் பள்ளிபாளையத்தில் சில தெருக்களில் வீடு வீடாகப் போய், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் எத்தனை வருஷம் படித்தார்கள் என்று கேட்டு டேப்லட்டில் ஏற்ற வேண்டும். நன்றாகச் செய்தால் ஈரோடு ஆபீசில் ஒரு வருஷத்துக்கு மேற்பார்வை வேலை. "நீ முடிச்ச படிப்பைக் கொஞ்சம் வெளிய எடுத்துத் தூசி தட்டுடி" என்றாள்.

வீட்டில் கேட்டேன். தரணி, "உன்ற இஷ்டம்" என்றார். மாமியார் யோசிக்கவே இல்லை. "போ கண்ணு. இத்தன படிச்சுப்போட்டு என்னத்துக்கு ஊட்ல உக்காந்துக்கிட்டு?" சரி, பாப்பாவை யார் பார்ப்பது? அத்தை தறிக்கூடத்துக்கு, குச்சியில் குறுக்கு நூல் ஏற்றித் தார் சுற்றப் போகிறார்.

தரணியின் தங்கை மிருதுளா குழம்புக் கரண்டியை நக்கிக்கொண்டே சொன்னாள்: "நாம் பாத்துக்கறனுங்க அண்ணி. எனக்கு லீவுதானே?"

பத்தாம் வகுப்பு ரிசல்ட் போன வாரம்தான் வந்தது. ஐந்நூறுக்கு நானூற்று எழுபத்தொன்று. லீவுதானே. சரி என்றுவிட்டேன்.

மே 27, செவ்வாய்

ஈரோட்டில் பயிற்சி. எட்டு மாதத்துக்குப் பிறகு பாப்பா இல்லாத ஒரு முழு நாள். பஸ்ஸில் கை சும்மா இருந்தது. பையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறேன், பக்கத்து அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

வருமானத்தில் ஏற்றத்தாழ்வை அளப்பதற்கு எம்.ஏ.வில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். அதே அளவுகோலைப் படிப்புக்கும் வைக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பெனாசிர் போர்டில் போடவே இல்லை, எங்களையே எழுப்பி நிறுத்தினாள். படிப்பு குறைந்தவர் முன்னால், கூடியவர் கடைசியில். "இப்ப எல்லாரோட படிப்பு வருஷத்தையும் ஒரே குவியலாக் கூட்டுங்க. வரிசைல முன்னால நிக்கற பாதிப் பேர்கிட்ட அந்தக் குவியல்ல எத்தனை பங்கு? பாதி இருந்தா எல்லாரும் சமம். பாதிக்கு எவ்வளவு கீழ போகுதோ அவ்வளவு கோணல்." அந்தக் கோணல் முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கலாம். எல்லாரும் ஒரே அளவு படித்திருந்தால் பூஜ்யம். ஒன்றை நெருங்க நெருங்க, படிப்பெல்லாம் யாரோ ஓரிருவரிடம் போய்க் குவிந்துவிட்டது என்று அர்த்தம்.

பழகுவதற்கு அவரவர் வீட்டையே போடச் சொன்னாள். அத்தை இரண்டு, மிருதுளா பத்து, தரணி ஐ.டி.ஐ.யோடு பன்னிரண்டு, நான் பதினேழு. சராசரி பத்தேகால், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கோணல் 0.29. வரிசையின் முன்பாதி, அதாவது அத்தையும் மிருதுளாவும், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வைத்திருக்கவில்லை.

"உங்க வீடே ஒரு குட்டி ஊருடி" என்றாள் பெனாசிர்.

மிருதுளாவுக்கு 'தற்போது படிக்கிறார்' என்று குறித்தேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தெருவெல்லாம் புதுச் செருப்புச் சத்தம். ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறதாம்.

பாப்பா இரண்டு தடவை வாந்தி. மதியம் சரியாகிவிட்டது. மிருதுளா போன் பண்ணி, "பயப்படாதீங்க, கேப்பங்கூழு கொஞ்சம் கெட்டியாப் போச்சு, என்ற தப்புதான்" என்றாள். அப்போது நான் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "உங்க மாமனார் எத்தனையாவது வரைக்கும் படிச்சாருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

ஒருவரிடம் படிப்பைக் கேட்பது சம்பளத்தைக் கேட்பதைவிடக் கஷ்டம். சம்பளத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள், படிப்பைக் கூட்டிச் சொல்கிறார்கள். ஒரு பெரியவர் "எட்டு" என்றார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், "அஞ்சாவதுலயே மூணு வருசம் இருந்தாரு, அதையுஞ் சேத்துங்க!" என்றார். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒக்காந்தது ஒக்காந்ததுதானே?" என்று என்னையே கேட்டார். விதிப்படி ஐந்துதான். எழுதும்போது பாவமாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

ஒரு விசித்திரம். வாய்க்கால் தெருவுக்கும் டேங்க் தெருவுக்கும் படிப்பின் சராசரி ஏறக்குறைய ஒன்று. எட்டும் கொஞ்சமும். ஆனால் வாய்க்கால் தெருவில் எல்லாரும் ஏழு, எட்டு, பத்து. டேங்க் தெருவில் பாதிப்பேர் இன்ஜினியர், பி.காம்., மீதிப்பேருக்குக் கையெழுத்தோடு சரி. இரண்டு தெருவிலும் அதே தறி, அதே நூல், அதே காவிரித் தண்ணி. வாய்க்கால் தெருவில் புதுச் சுவர்கள், மாடிக்கு மாடி. டேங்க் தெருவில் இரண்டு பெரிய வீடு, சுற்றிலும் தகரம்.

ஏன்? பெனாசிருக்கு அனுப்பினேன். "ரெண்டு தெருவை வச்சு முடிவு கட்டாதே லூசு. ஆனா கேள்வியை விட்டுடாதே" என்று பதில்.

ராத்திரி சோறு போடும்போது இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரசம் ஊற்றிய மிருதுளா திடீரென்று கேட்டாள்:

"அண்ணி, படிச்சவியெல்லாம் பெங்களூருக்குப் போயிட்டா, மீதி இருக்கறவிய எல்லாம் ஒரே மாதிரிதானே இருப்பாங்க? அப்ப அந்த நம்பரு கொறையுமில்லீங்க?"

"குறையும்."

"அப்ப ஊரு நல்லாயிருச்சுன்னு அர்த்தமா?"

ரசக் கையோடு போய் அதை நோட்டில் எழுதி வைத்தேன். எம்.ஏ.வில் இரண்டு வருஷத்தில் இதைக் கேட்க எனக்கு ஒரு தடவையாவது தோன்றியதா?

ஜூன் 10, செவ்வாய்

மிருதுளா கேட்டதைப் பெனாசிரிடம் சொன்னேன். போனிலேயே கூச்சல் போட்டாள். "அதனாலதான்டி இந்த எண்ணைத் தனியா நம்பக் கூடாது, சராசரியையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். யாருடி அது கேட்டது? என்ன படிக்கறா?"

"என் நாத்தனார். ப்ளஸ் ஒன்."

சேரத்தானே போகிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

பாப்பாவுக்குச் சளி. மூக்கடைப்பில் பால் குடிக்க முடியாமல் விட்டு விட்டு அழுகிறாள். மிருதுளா அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். என்னிடம் வந்தால் அழுகை கூடுகிறது, அவளிடம் போனால் குறைகிறது. நான் பெற்றவள் என்பது பாப்பாவுக்கு மறந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் பொறாமையாக இருந்தது. எவ்வளவு அல்பம்.

மிருதுளாவின் பழைய தோழி வந்துவிட்டுப் போனாள். தலையில் இரட்டைப் பின்னல், புதுப் பை. இருவரும் வாசலில் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள். உள்ளே வந்ததும், "என்னடி சொன்னா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. மேத்ஸ் கம்ப்யூட்டர் குரூப்ல அறுவது பேராம்."

"நீயும் போய் டி.சி. வாங்கிட்டு வந்துடேன் இந்த வாரம்."

"பாப்பாவுக்குச் சளி உடட்டும் அண்ணி."

சரிதான். சளி விடட்டும்.

ஜூன் 19, வியாழன்

தரணியின் கூடத்தில் புதுத் தறி இறக்கியிருக்கிறார்கள். திரை வைத்தது, தொட்டால் ஓடும். திரையில் எல்லாம் இங்கிலீஷ். அதைப் படிக்கத் தெரிந்தவர் டிப்ளமோ முடித்த கோகுல் ஒருவர்தான். இன்றைக்கு அவர் மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டார். காலையில் திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்து தறி நின்றுவிட்டது. தரணி சத்தத்தை வைத்தே எந்தத் தறிக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லுகிற ஆள். அவரே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தத் தறி ஓடாமல் அதற்கென்று வந்த பாவு நூல் பிணைக்கிறவர், நாடா பார்க்கிறவர், தார் சுற்றும் அத்தை எல்லாருமே சும்மா.

மதியத்துக்கு மேல்தான் தரணிக்குப் புத்தி வந்து, திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். என் போனில் சார்ஜ் இல்லை. அப்புறம் மிருதுளாவுக்கு அனுப்பியிருக்கிறார்.

"ஊடை நூலு பாக்கற சென்சாருன்னு போட்டிருக்குதுண்ணா. தூசியிருந்தா தொடைக்கச் சொல்லுது. மொதல்ல கரெண்ட்ட நிறுத்து!"

துடைத்தார். ஓடியது. ராத்திரி இதைத் தரணி நான்கு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் தூசி கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. அத்தை, "அட என்ற மவளே!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

எனக்கோ டேங்க் தெரு புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒருவரிடம் பதினைந்து வருஷப் படிப்பு, பக்கத்தில் பத்துப் பேரிடம் ஒன்றுமில்லை என்றால், அந்த ஒருவர் கல்யாணத்துக்குப் போனதும் பத்துப் பேர் உழைப்பும் நின்றுவிடுகிறது. ஒருவர் படிப்பு வேலை செய்ய இன்னொருவர் படிப்பும் வேண்டியிருக்கிறது. இதை ஒரு தாளில் கிறுக்கினேன். பாப்பா அதைக் கிழித்துத் தின்னப் பார்த்தாள்.

ஜூன் 20, வெள்ளி

பெனாசிரிடம் தறிக் கதையைச் சொன்னேன். அவள் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். நிலம் ஒருவரிடம் அதிகமாக இருந்தால் விற்பார், குத்தகைக்கு விடுவார், எப்படியோ கைமாறி உழைக்கிறவனிடம் வந்து சேர வழியிருக்கிறது. காசும் அப்படித்தான். படிப்பு மட்டும் கைமாறாது. என்னிடம் இருக்கும் கடைசி ஒரு வருஷத்தை உரித்து, பத்தோடு நிற்கிற ஒருத்திக்கு ஒட்டவைக்க முடியாது. கடைசி வருஷம் எனக்குத் தந்ததைவிட அடுத்த வருஷம் அவளுக்குத் தரப்போவது அதிகம் என்றாலும் முடியாது. "அதனால, படிப்புல கோணலைச் சரி பண்ண ஒரே வழிதான்டி. யார்கிட்டயும் புடுங்க முடியாது, கீழ இருக்கறவங்களுக்குக் கூட்டத்தான் முடியும்."

யாரிடமிருந்தும் பிடுங்க முடியாது. கேட்க நிம்மதியாக இருந்தது.

மேற்பார்வை வேலை எனக்குத்தான் கிடைக்கும் போலிருக்கிறதாம். ஜூலை ஏழாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னதும் அத்தை கேசரி கிண்டிவிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

பாப்பாவுக்குச் சளி போய்விட்டது. ஏழு அறுநூறு! ஆஸ்பத்திரி மிஷினிலேயே.

மிருதுளா இன்னும் டி.சி. வாங்கவில்லை. கேட்டால், "படிச்சுப்போட்டு என்னத்துக்குங்க அண்ணி, எனக்கென்னமோ புடிக்கவேயில்ல" என்கிறாள். பாப்பாவின் நகத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிடிக்காதவளை வற்புறுத்தலாமா?

ஜூன் 25, புதன்

நானூற்று எழுபத்தொன்று எடுத்தவளுக்குப் படிப்பு பிடிக்காதா.

ஜூன் 28, சனி

டேங்க் தெருவின் கடைசி வீடு. தகரக் கதவு. ஒரு அம்மா முறத்தில் பச்சைப்பயறு பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த மகன் பி.இ., மருமகள் பி.எஸ்சி. நர்சிங், வேலைக்குப் போகிறார். அப்புறம் ஒரு பெண், பதினேழு வயது, இடுப்பில் ஒரு குழந்தை.

"இவங்க?"

"பத்தாவதுங்க. சும்மா ஊட்ல இருக்கறா."

எத்தனையோ வீட்டில் கேட்ட பதில்தான். இந்தச் 'சும்மா' எல்லாருமே துணி துவைக்கிறார்கள், பிள்ளை தூக்குகிறார்கள், தண்ணீர் பிடிக்கிறார்கள். டேப்லட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. கேட்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதையும் மறந்து கேட்டுவிட்டேன்: "மேல ஏங்க படிக்க வைக்கல?"

அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை. காலையில் எடுத்து வைக்க மறந்து என் தோள்பையிலேயே இருந்துவிட்ட பால் புட்டியைப் பார்த்தார். "உங்களுக்குங் கொழந்த இருக்குதாட்ட இருக்குது?"

"ஒம்பது மாசம்."

"நீங்க இப்புடி வெயில்ல சுத்தறீங்க, ஊட்ல ஆருங்க பாத்துக்கறாங்க?"

"நாத்தனார்."

"அதேதானுங்க" என்று சொல்லிவிட்டு, பயறைப் புடைக்க ஆரம்பித்தார்.

அந்தப் பெண் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்றைக்கு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. துணி நிறைய இருந்தது. நானே துவைத்தேன்.

ஜூன் 30, திங்கள்

அத்தையிடம் கேட்டுவிட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நானும் உட்கார்ந்து உரித்தேன். அப்படியென்றால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"அத்தை, மிருதுவ நீங்களா நிறுத்தச் சொன்னீங்க?"

"நானெங்க கண்ணு நிறுத்துனேன்? ஆரும் நிறுத்துல. அவளே சொன்னா, நானும் சரின்னுட்டேன்."

"ஏன் சரின்னீங்க?"

அவர் வெங்காயத்தை முறத்தில் வைத்தார். ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "நீ பதினேழு வருசம் படிச்சிருக்கறே. அது ஊட்ல முடங்கிக் கெடந்தா எத்தன நட்டம்? இவ படிச்சது பத்துதான். பத்து முடங்குனா அத்தன நட்டமில்ல. ஒண்ணு முடங்கித்தான் ஆவோணும்னா எத முடக்கறது, நீயே சொல்லு. கணக்குப் படிச்சவதானே நீயி?"

அவர் இரண்டாம் வகுப்பு. என்னை எவ்வளவு பெருமையாக நினைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெருமைக்குத் தன் மகளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். எனக்குக் கண் எரிந்தது. வெங்காயம்தான்.

"இல்லீங்கத்தை, கணக்கு அப்படியில்லை" என்றேன். "என்னோடது முடிஞ்சுது. ஒரு வருஷம் நான் வீட்ல இருந்தாலும் பதினேழு பதினேழாத்தான் இருக்கும். அவளோடது இப்ப நின்னா பத்தோட நின்னுரும். அப்புறம் கேட்டாலும் வராது."

அத்தை இன்னும் நாலு வெங்காயம் உரித்தார். அப்புறம், "அன்னைக்கு அந்தத் தறியப் படிச்சாளே" என்றார். அவ்வளவுதான்.

படிப்பைக் கைமாற்ற முடியாது என்றாளே பெனாசிர். முடியும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். மிருதுளாவின் பதினோராவது வருஷத்தை எடுத்துத்தான் நான் ஒரு மாதமாகத் தெருத் தெருவாக நடந்திருக்கிறேன். மேலேயிருந்து கீழேதான் போகாது. கீழேயிருந்து மேலே தாராளமாக வருகிறது, யாரும் பிடுங்காமலே, கேசரியோடு.

ஜூலை 1, செவ்வாய்

மிருதுளா கொடியில் பாப்பாவின் துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள். "படிக்கப் புடிக்கலைன்னு இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

"புடிக்கல."

"என்னைப் பாத்துச் சொல்லு."

ஒரு குட்டிச் சட்டையை உதறினாள், இன்னொரு தடவை உதறினாள். "நீங்க வேலைக்குப் போறப்ப உங்க மூஞ்சி நல்லாருக்குதுங்க அண்ணி. பாப்பா பொறந்ததுல இருந்து அப்புடி இருந்ததேயில்ல. அதுக்குத்தான்."

அவள் கையிலிருந்த சட்டையை வாங்கி நான் கொடியில் போட்டேன். அவள் அழுதாள், நானும். பாப்பா எங்கள் இருவரையும் பார்த்துக் கை தட்டியது.

ஜூலை 2, புதன்

நான் வேலையை விட்டுவிடுவதாகத் தரணியிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "ஏன், நான் ஒருத்தன் இங்க இருக்கறனே, கண்ணுக்குத் தெரியலயா?" என்றார்.

உண்மையைச் சொன்னால், தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை, மிருதுளாவுக்கும் தெரியவில்லை. எது முடங்குவது என்று மூன்று பொம்பளைகள் கணக்குப் போட்டிருக்கிறோம், தரணியின் பன்னிரண்டை யாருமே வரிசையில் நிறுத்தவில்லை.

"நீங்க பாப்பாவுக்கு டயப்பர்கூட மாத்துனதில்லயே."

"தறியே பிரிச்சு மாட்டறன். இது என்னடி?"

மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொள்கிறாராம். காலையில் அவர் பாப்பாவைப் பார்ப்பார், இரண்டு மணிக்கு அத்தை தார் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவார். அத்தையிடம் சொன்னபோது, "ஆம்பள புள்ள பாக்கறதா? கூடத்துல சிரிப்பாங்களேடா" என்றார். "சிரிக்கட்டும், தறி நின்னா என்கிட்டத்தானே வருவானுங்க" என்றார் தரணி.

ஜூலை 3, வியாழன்

டி.சி. வாங்கிக்கொண்டு மிருதுளாவுடன் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன். பாப்பா முதல் தடவையாக முழுக் காலையும் அப்பாவிடம்.

மேத்ஸ் கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது. பயாலஜியும். தலைமையாசிரியை மார்க் ஷீட்டைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். "இவ்வளவு மார்க் வச்சுக்கிட்டு ஏம்மா இத்தனை நாள் கழிச்சு வந்தீங்க? பத்து நாளைக்கு முன்னாலகூட ரெண்டு எடம் இருந்துது."

நான் வாயைத் திறப்பதற்குள் மிருதுளா சொன்னாள்: "எனக்கு ஒடம்பு சரியில்லீங்க மேடம்."

மீதி இருந்தது வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் பிரிவு. யாராவது மாறிப் போனால் கூப்பிடுவதாகச் சொன்னார். யாரும் மாறமாட்டார்கள் என்று அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். பத்து நாளைக்கு முன்னால் நான் பாப்பாவின் சளி போனதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"எக்கனாமிக்ஸ் இருக்குதில்லீங்க" என்றாள் மிருதுளா. "நீங்க போடுவீங்களே அந்தக் கோணலு, அது இதுல வருமில்ல?"

ப்ளஸ் ஒன்னில் அது வருமா என்று எனக்குத் தெரியாது. "வரலேன்னா நான் சொல்லித் தர்றேன்" என்றேன். அவளுக்கு வேண்டியது கம்ப்யூட்டர். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் பாப்பா நிம்மதியாகத் தூங்குகிறது. பக்கத்தில் தரணியின் போனில் தறி ஓடுகிற சத்தம், தடக் தடக் தடக். "அழுதுச்சு. பாட்டுப் போட்டேன், நிக்கல. இதப் போட்டேன், ரெண்டு நிமிசத்துல மேட்டர் ஓவர்" என்றார். டயப்பர் முன்பின்னாக இருந்தது.

ஜூலை 7, திங்கள்

பெனாசிருக்கு, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. பாப்பா காலையில் நான் செருப்பு மாட்டும்போதே உதட்டைப் பிதுக்குகிறது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ப்ளஸ் ஒன் என்று நான் முன்கூட்டியே சொன்னதையும். அவள் கிண்டல் செய்யவில்லை. "அடுத்த கணக்கெடுப்புல ஒரு கேள்வி சேக்கணும்டி. 'இந்த வீட்ல ஒருத்தர் வேலைக்கோ படிப்புக்கோ போறதுக்காக யார் வீட்ல இருக்காங்க?' எப்படிக் கேக்கறதுன்னு நீதான் எழுதித் தரணும்" என்றாள்.

இரண்டு மணி நேரமாக எழுதிப் பார்க்கிறேன். எப்படிக் கேட்டாலும் 'சும்மா' என்றுதான் பதில் வரும். அந்தப் பச்சைப்பயறு அம்மாவிடம் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். அவருக்குக் கேட்கத் தெரியும்.

ஜூலை 12, சனி

மிருதுளாவின் யூனிபார்முக்கு அளவு கொடுக்கப் போனோம். நான், அவள், அத்தை, அத்தையின் தோளில் பாப்பா. தரணியிடம் விட்டுவிட்டு வரலாம் என்றேன், அத்தைதான் கேட்கவில்லை. பாப்பாவும் வர வேண்டுமாம்.

டெய்லர் டேப்பைத் தோளுக்குத் தோள் பிடித்தார். "ஒடம்புக்குச் சரியா வெக்கட்டுங்களா, கொஞ்சம் லூசா வெக்கட்டுங்களா?"

"சரியா வைங்கண்ணா" என்றாள் மிருதுளா.

"லூசா வைய்யி" என்றார் அத்தை. டேப்பை அவரே பிடுங்கிப் பிடித்துக் காட்டினார், இரண்டு விரல் தள்ளி. "இன்னும் ஏழு வருசம் படிப்பா, போடோணுமில்ல? தையலுக்குள்ளாற துணிய மடக்கி உடு. வளந்தாப் பிரிச்சுக்கலாம்."

"அம்மா, ப்ளஸ் டூ முடிச்சா காலேசு. அங்க யூனிபாரமே கெடையாது."

அத்தை டேப்பை விடவில்லை. என்னைப் பார்த்தார். "அப்புடியா கண்ணு?"

"அப்படித்தானுங்கத்தை."

"அப்பச் சரியாவே வைய்யி" என்றார் டெய்லரிடம்.